அழுகைக்குக் காரணம் பிள்ளைகளா, ஆட்டமா?

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன, மொத்தம் ஒன்பது பேர். பிள்ளைகள் நால்வருக்கும் எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள். கைபேசிகளை வாங்கி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்து அவர்களை உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் 'பிசினஸ்' ஆட்டத்தை எடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் சண்டையிலும் அழுகையிலும்தான் முடிகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை. அண்மையில் வந்தவற்றில் குடும்பத்தோடு ஆட எவை நல்லவை? அம்மாவுக்கு 72 வயது. தமிழ் மட்டுமே படிப்பார்.
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆண்டுதோறும் அவர்கள் முன்னால் நீங்கள் விரித்து வைக்கும் ஆட்டம், ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் ஓட்டாண்டியாக்கி வெளியே அனுப்புவதற்கென்றே அமைந்தது. அமெரிக்காவில் எலிசபெத் மகி என்ற பெண்மணி 1904-இல் 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலமெல்லாம் ஒருசிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் வாடகை கட்டியே அழிந்து போவார்கள் என்பதை ஆடுகிறவர்கள் தாமே அனுபவித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். அதன் வழியில் உருவான மோனோபோலியை 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மும்பை, தில்லி, சென்னை என்று ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொண்டு நம் வீடுகளில் 'பிசினஸ்' என்றும் 'டிரேடு' என்றும் புழங்குவதும் அதே அமைப்புதான். தொடக்கத்தில் பகடை யாருக்கு நன்றாக விழுந்ததோ அவர் நிலம் வாங்குகிறார். நிலம் இருப்பதால் வாடகை வருகிறது. வாடகை வருவதால் மேலும் நிலம் வாங்குகிறார். பாதி ஆட்டத்திலேயே தோற்பது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, ஆனாலும் அந்தப் பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கையிலிருக்கும் காகிதப் பணத்தை ஒவ்வொன்றாக இழக்க வேண்டியிருக்கிறது. இழந்து முடித்தபின் அதற்கு அங்கே இடமில்லை. மற்றவர்கள் ஆடுவதைச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்க்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தை அழுவது தோற்றதற்காக என்று நினைக்கிறீர்கள். கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டதற்காக அழுகிறது என்று நான் சொல்வேன். நம் தாயத்தில்கூட வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் விழுந்துதான் இறங்க வேண்டும். ஆனால் ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

இந்தக் குறையை உணர்ந்து விளையாட்டுகளை வேறு விதமாக அமைக்கும் மரபு கடந்த சில பத்தாண்டுகளில் ஜெர்மனியில் வேரூன்றி, பிறகு பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் என்று பரவியது. ஜெர்மனியில் விமர்சகர்கள் அடங்கிய ஒரு நடுவர் குழு 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற விருதை அளித்து வருகிறது. ஆண்டின் சிறந்த விளையாட்டு என்பது அதன் பொருள். விருது பெற்ற பெட்டிகளின் மேல் சிவப்பு நிறக் காய் ஒன்றின் படத்தைக் காணலாம், அது குடும்பத்தோடு ஆடுவதற்கானது என்ற அடையாளம். இந்த மரபில் வந்த ஆட்டங்கள் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; இடையில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை; யார் முந்துகிறார் என்பது கடைசியில் புள்ளிகளைக் கூட்டும்போதுதான் தெளிவாகும். இன்னும் சில ஆட்டங்களில் ஒருவரையொருவர் வெல்வதே கிடையாது, மேசையைச் சுற்றியிருக்கும் அனைவரும் சேர்ந்து வெல்கிறார்கள் அல்லது சேர்ந்து தோற்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது 2019-இல் அந்த விருதைப் பெற்ற 'ஜஸ்ட் ஒன்'. மூன்று பேர் முதல் ஏழு பேர் வரை ஆடலாம். ஒருவர் தன் கண்ணில் படாதபடி ஒரு சீட்டை மற்றவர்கள் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அதிலுள்ள சொல்லை அவர் கண்டுபிடிப்பதற்காக மற்றவர்கள் ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகத் தம் பலகையில் எழுதுகிறார்கள். அவரிடம் காட்டுவதற்கு முன்னால் எழுதியவர்கள் தமக்குள் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். ஆட்டத்தின் உயிர் முழுவதும் இந்த ஒரு விதியில் இருக்கிறது. சொல் 'யானை' என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் உடனே தோன்றுவது 'தும்பிக்கை'; எல்லாரும் அதை எழுதினால் கண்டுபிடிப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்று நம்பி ஒருவர் 'கரும்பு' என்றும், இன்னொருவர் 'முதுமலை' என்றும், உங்கள் அம்மா 'கும்பேஸ்வரர்' என்றும் எழுதக்கூடும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளை 'யானை' என்று சொல்லும் கணத்தில் அறையில் எழும் ஆரவாரத்தை வேறு எந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. அடுத்தவர் மனத்தில் என்ன ஓடும் என்று யோசித்து, அதிலிருந்து ஓர் அடி விலகி நிற்க வேண்டியிருக்கிறது. பாட்டிக்கும் பேரனுக்கும் இதில் ஏற்றத்தாழ்வு இல்லை.

பெட்டியில் உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உங்கள் அம்மாவுக்குத் தடையாக வேண்டியதில்லை. பெட்டியிலிருக்கும் எழுதுபலகைகளையும் விதிகளையும் வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் நீங்களே தமிழில் தயாரித்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு முந்தைய வாரம் பிள்ளைகளிடம் வெள்ளைத் துண்டுச்சீட்டுகளைக் கொடுத்து, கோயில், காய்கறி, ஊர், பறவை, தின்பண்டம், பழைய நடிகர்கள் என்று ஆளுக்கு 30 சொற்கள் எழுதித் தரச் சொல்லுங்கள். குறிப்புச் சொல் அந்தச் சொல்லின் வேறு வடிவமாகவோ வேறு மொழியில் அதன் பெயராகவோ இருக்கக் கூடாது என்ற விதியை விட்டுவிடாதீர்கள், அதுதான் பிள்ளைகளைத் தமிழ்ச் சொற்களைத் தேட வைக்கும். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் ஆட விரும்பினால் சிறியவர் இருவரைப் பெரியவர்களோடு இணைத்து ஏழு பலகையாக்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வெல்லும் ஆட்டங்களிலும் ஒரு கேடு உண்டு. உங்கள் கேள்வியின் தொனியைப் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2008-இல் வந்து உலகப் புகழ் பெற்ற 'பாண்டமிக்' ஆட்டத்தில் அனைவரும் சேர்ந்து நான்கு நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். அருமையான ஆட்டம்தான், ஆனால் எல்லாருடைய சீட்டுகளையும் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம் என்பதால், விதிகள் நன்றாகத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் அப்பாவோ பெரியப்பாவோ, "நீ அங்கே போ, நீ இதை எடு" என்று எல்லாருக்கும் கட்டளையிடத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் அவருடைய காய்களை நகர்த்தும் கைகளாகிவிடுகிறார்கள். வீட்டில் நாள் முழுவதும் பெரியவர்கள் சொன்னதைக் கேட்கும் பிள்ளைகள், விளையாட்டிலும் அதையே செய்ய வேண்டுமானால் கைபேசியைத் தேடுவது இயல்பு.

இந்தக் கேட்டை மிக அழகாகத் தீர்த்தது தாமஸ் சிங் வடிவமைத்து 2019-இல் வெளிவந்த 'தி குரூ'. இவை அனைத்திலும் எனக்கு மிகவும் பிடித்தமானதும் அதுவே. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் 28 அல்லது 304 என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொள்வார், ஏனென்றால் அடிப்படை அதுதான்: நான்கு நிறங்களில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான சீட்டுகள், அவற்றுக்கு மேல் துருப்பாக நான்கு ராக்கெட் சீட்டுகள், போட்ட நிறத்திலேயே மற்றவர்களும் போட வேண்டும் என்ற விதி. மாறுவது நோக்கம் மட்டுமே. இங்கே எதிரணி என்று யாரும் இல்லை. 'பச்சை ஐந்து விழும் சுற்றைத் தங்கைதான் வெல்ல வேண்டும்' என்பது போன்ற பணிகளை அனைவரும் சேர்ந்து நிறைவேற்ற வேண்டும். ஆனால் யாரும் தம் கையிலுள்ள சீட்டுகளைப் பற்றிப் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரே ஒரு முறை, தம்மிடமுள்ள ஒரு சீட்டை மேசையில் காட்டி, அந்த நிறத்தில் அதுதான் தம்மிடம் உயர்ந்தது, தாழ்ந்தது அல்லது ஒரே ஒன்று என்று ஒரு வில்லையால் குறிப்புக் காட்டலாம், அவ்வளவுதான். கட்டளையிடும் பெரியப்பா இங்கே வாய் திறக்க முடியாது. பத்து வயதுப் பெண் போட்ட சீட்டைப் பார்த்து அவள் மனத்தில் இருப்பதை அவர் ஊகிக்க வேண்டும், அவள் தன்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள் என்பதை அவரே கண்டுகொள்ளவும் நேரும். மிக எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் 50 பணிகள் இருப்பதால் விடுமுறை முழுவதும் தொடரலாம். ஐந்து பேர் வரைதான் ஆட முடியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் கடினம்.

அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்குமாக 'அஸூல்' வாங்குங்கள். போர்ச்சுக்கல் நாட்டு வண்ண ஓடுகளைப் பார்த்து மைக்கேல் கீஸ்லிங் உருவாக்கிய இந்த ஆட்டம் 2018-இல் விருது பெற்றது. ஒரே நிற ஓடுகளை எடுத்துத் தம் வரிசைகளை நிரப்ப வேண்டும். தேவைக்கு மேல் எடுத்தவை புள்ளிகளைக் குறைக்கும். படிக்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை, ஓடுகளைக் கையில் எடுப்பதே இன்பம். ஒன்றில் மட்டும் இங்கே எச்சரிக்கை தேவை: அடுத்தவருக்கு வேண்டாத ஓடுகள் குவியும்படி வேண்டுமென்றே ஆடவும் இதில் வழியிருக்கிறது. அதுகூட வேண்டாமென்றால் 2022-இல் விருது பெற்ற 'காஸ்கேடியா' இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளையும் ஆறுகளையும் அடுக்கி, கரடி, சால்மன் மீன், பருந்து, நரி, எல்க் மான் ஆகியவற்றை அவற்றுக்கு உகந்த இடத்தில் வைப்பது. யாரும் யாரையும் கெடுக்க வழியில்லை. அவ்வளவு அமைதி எனக்குச் சற்று அதிகம், உங்கள் வீட்டுக்கு ஒருவேளை அளவாக இருக்கலாம்.

மிகப் புதியதாகத்தான் வேண்டுமென்றால், 2025-இல் விருது பெற்ற 'பாம் பஸ்டர்ஸ்' ஜப்பானைச் சேர்ந்த ஹிசாஷி ஹயாஷியின் வடிவமைப்பு. எண்ணிட்ட கம்பிகளை ஊகித்து வெட்டி, எல்லாரும் சேர்ந்து குண்டைச் செயலிழக்கச் செய்யும் ஆட்டம். ஐந்து பேர் வரை ஆடலாம், பதின்வயதுப் பிள்ளைகள் விட மாட்டார்கள். முந்தைய ஆண்டு விருது பெற்ற 'ஸ்கை டீம்' இருவருக்கு மட்டுமானது. விமானியும் துணை விமானியும் பேசாமல் பகடைகளை வைத்து விமானத்தைத் தரையிறக்க வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பிறகு நீங்களும் உங்கள் கணவரும் ஆடிப் பாருங்கள். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் 'கட்டான்' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை இப்போதைக்கு உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 1995-இல் இந்த மரபையே உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை அதற்கு உண்டு என்றாலும், அடிப்படைப் பெட்டியை வைத்து நால்வருக்கு மேல் ஆட முடியாது, கொள்ளைக்காரனை ஏவி அடுத்தவர் பொருளைப் பிடுங்கும் விதியும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் புண் ஆற வேண்டும்.

இவை விலை குறைந்தவை அல்ல. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். 'ஜஸ்ட் ஒன்', 'தி குரூ' இரண்டும் போதும், மூன்றாவதாக வேண்டுமானால் 'அஸூல்'. இணையத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போலிப் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "அவர்களை உட்கார வைக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது பெரியவர்கள் ஐந்து பேரும் எங்கே இருப்பீர்கள்? பிள்ளைகளிடம் மட்டும் கைபேசியை வாங்கிவிட்டு, அண்ணன் தன் கைபேசியோடு சாய்வு நாற்காலியிலும் நீங்கள் அடுப்படியிலும் இருந்தால், எந்த நாட்டு விருதுபெற்ற பெட்டியும் அரை மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்காது. இங்கே நான் சொன்ன ஆட்டங்களெல்லாம் வயது கலந்து ஆடும்போதுதான் சுவைப்பவை. பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது கைபேசிகளும் ஒரே தட்டில் போகட்டும், பாத்திரங்கள் மாலை வரை காத்திருக்கட்டும். அன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்து விதிகளை உரக்கப் படிப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பொறுமை அங்கேயே போய்விடும். இரண்டு நாள் முன்னதாகப் பதினைந்து வயதுப் பிள்ளையோடு நீங்கள் ஒரு சுற்று ஆடிப் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு விதிகளை விளக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிட்டு, நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.