இரண்டு நாள் தலச்சேரி: பிரியாணியும் தெய்யமும்

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான், கணவர், 68 வயது மாமியார். சனி, ஞாயிறில் வட கேரளத்துத் தலச்சேரி போய்வர ஆசை. பிரியாணி சாப்பிட வேண்டும், தெய்யம் என்கிற தெய்வ ஆட்டம் பார்க்க வேண்டும். மாமியார் சைவம். அப்படியே வயநாட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

வயநாடு வேண்டாம். மலை ஏறி இறங்குவதிலேயே ஒரு நாள் போய்விடும், மாமியாருக்கும் அலைச்சல். வெள்ளி இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் சனி காலை தலச்சேரியிலேயே இறங்கலாம். ஞாயிறு பிற்பகல் திரும்புகிற மெயிலைப் பிடித்தால் திங்கள் காலை சென்னை. முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள்.

சனி மதியம் பிரியாணி. பாஸ்மதியை எதிர்பார்க்காதீர்கள், இங்கே கைமா என்கிற சிறுமணி அரிசிதான். நம் திண்டுக்கல் பிரியாணியில் சீரகச் சம்பா மசாலாவோடு சேர்ந்தே வேகும். இவர்கள் நெய்ச்சோறு தனி, கறி மசாலா தனி என்று செய்து, பிறகு அடுக்கித் தம் போடுகிறார்கள். மேலே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காரமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ருசியெல்லாம் அடியில் இருக்கிறது, பிசைந்து சாப்பிடுங்கள்.

மாலைப் பலகாரம்தான் இந்த ஊரின் உண்மையான செல்வம் என்பேன். கல்லுமக்காய் என்கிற கடல் சிப்பிக்குள் அரிசி, தேங்காய், சோம்பு அரைத்த மாவை அடைத்து, அவித்து, மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். மாமியாருக்கு உன்னக்காய்: அவித்த நேந்திரம் பழத்தை மசித்து, தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்தது. சில இடங்களில் பூரணத்தில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். 1708இல் கட்டிய ஆங்கிலேயர் கோட்டைக்கு அரை மணி போதும். மொழியில் ஆர்வம் இருந்தால் இல்லிக்குன்னில் ஜெர்மன் பாதிரியார் ஹெர்மன் குண்டர்ட் வாழ்ந்த பங்களாவையும் பாருங்கள். 1872இல் வெளிவந்த மலையாள அகராதி அவருடையது.

தெய்யத்துக்கு ஞாயிறு விடிகாலையை ஒதுக்குங்கள். ஊர்க் காவுகளில், அதாவது தோப்புக் கோயில்களில், அக்டோபர் கடைசியிலிருந்து மே வரைதான் தெய்யம், அதுவும் பெரும்பாலும் இரவு முழுக்க. பெரியவரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலைத்தான். வருடத்தில் சில நாட்கள் தவிர, அங்கே தினமும் காலையும் மாலையும் தெய்யம் உண்டு. தலச்சேரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாலரை மணிக்கே டாக்சி சொல்லிவிடுங்கள். ஆற்றங்கரைக் கோயில், எந்தச் சாதி, எந்த மதத்தவரும் உள்ளே போகலாம், நாய்கள்கூடத் தடையில்லாமல் நடமாடும். முத்தப்பனுக்குக் கள்ளும் சுட்ட மீனும் படையல் என்பதை மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பக்தர்களுக்குக் கிடைப்பது அவித்த பயறும் தேங்காய்த் துண்டும் டீயும்தான், தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தெய்யம் மேடைக் கலை அல்ல. காலங்காலமாக ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்து மனிதர் அன்று தெய்வமாக நிற்கிறார். ஊரே அவர் கையைப் பிடித்துக் குறை சொல்லி அழும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு நீங்களும் வரிசையில் நில்லுங்கள். உங்களிடமும் பேசுவார்.

அப்புறம், ரம்ஜான் மாதத்தில் பகலில் பல பிரியாணிக் கடைகள் மூடியிருக்கும். டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.