சூல் எங்கே ஒட்டியிருக்கிறது? கேள்விகளும் பதில்களும்

ப்ளஸ் ஒன் படிக்கிறேன் ஐயா. சூல் ஒட்டு முறையின் வகைகளை எத்தனை முறை படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை.

பெயர்களைப் பிறகு பார்க்கலாம் அம்மா. பூவில் பின்னால் விதையாக மாறுவது சூல், காயாக மாறுவது சூற்பை. சூற்பைக்குள் சூல் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் சூல் ஒட்டு முறை. முதலில் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள். ஐந்து அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையிலும் விதைகள் நடு அச்சைப் பற்றியிருக்கும். இது அச்சு சூல் ஒட்டு முறை. பப்பாளியை நறுக்கினால் நடுவே வெற்றிடம்தான், விதைகள் சுவரில் இருக்கும். இது சுவர் சூல் ஒட்டு முறை. விதை எங்கே கிடக்கிறது என்று பார்க்காதீர்கள், அதன் காம்பு எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். குழப்பம் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டாணி உரிக்கும்போது ஒரு விதை இந்தத் தோலிலும் அடுத்தது அந்தத் தோலிலும் ஒட்டிக்கொண்டு வருகிறதே?

சூற்பையை உருவாக்கும் இலை போன்ற உறுப்புதான் சூலக இலை. பட்டாணியின் சூற்பை ஒரே சூலக இலையால் ஆனது. அந்த இலை மடிந்து, இரண்டு விளிம்புகளும் சேர்ந்த இடத்தில் சூல்கள் உண்டாகின்றன. இரு விளிம்பிலும் மாறி மாறி அமைவதால்தான் உரிக்கும்போது அப்படிப் பிரிகின்றன. இது விளிம்பு வகை.

வெள்ளரியில் விதைகள் நடுவில்தானே இருக்கின்றன? புத்தகம் ஏன் சுவர் வகை என்கிறது?

நல்ல கேள்வி. வெள்ளரியில் சூல் ஒட்டுத்திசு, அதாவது சூல்கள் பற்றியிருக்கும் சதை, மூன்று இடங்களில் சுவரிலிருந்து புறப்பட்டு நடுவரை வளர்கிறது. அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து மறுபடியும் வெளிப்பக்கம் வளைகிறது. சூல்கள் அந்த வளைவுகளில் இருக்கின்றன. முற்றிய காயில் எல்லாம் சதைப்பற்றாகிவிடுவதால் அச்சு வகைபோலத் தோன்றும். பிஞ்சை வெட்டி லென்ஸில் பாருங்கள்.

கடுகுக் காயில் இரண்டு அறைகள் இருக்கின்றன. அதுவும் சுவர் வகையா?

ஆமாம். குறுக்கே இருப்பது பொய்த் தடுப்புச் சுவர், பிற்பாடு வளர்ந்தது. சூல்கள் இரு சூலக இலைகளும் இணையும் சுவர்ப் பகுதியில்தான் இருக்கின்றன.

மிளகாயில் விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடுமா?

விதையை மட்டும் எடுத்தால் போதாது. உள்ளே வெளிறிய சதை இருக்கிறதே, விதைகள் பற்றியிருப்பது? அதுதான் சூல் ஒட்டுத்திசு. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. விதையில் இருக்கும் காரம் அதை உரசி ஒட்டியது. அந்தச் சதையையும் சுரண்டி எடுங்கள். சூல் ஒட்டுத்திசு எது என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல காய் எனக்குத் தெரியவில்லை.

மாதுளை எந்த வகை? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அச்சு வகை, சுவர் வகை இரண்டும் உண்டு, எனக்கு மிகப் பிடித்த காயும் இதுதான். மாதுளையின் சூலக இலைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தொடக்கத்தில் இவை உள்வட்டம், வெளிவட்டம் என்று அமைகின்றன. பூவின் உறுப்புகள் அமர்ந்திருக்கும் அடிப்பகுதியான பூத்தளம் வளர வளர, வெளிவட்டம் மேலே தள்ளப்பட்டுச் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வில் அதன் சூல் ஒட்டுத்திசு வெளிச்சுவர்ப் பக்கம் போய்விடுகிறது. அதனால் கீழ் அடுக்கில் அச்சு வகையும் மேல் அடுக்கில் சுவர் வகையும் தெரியும். காயை நெடுக்கே வெட்டினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். குறுக்கே ஒரு இடத்தில் மட்டும் வெட்டியவர்கள்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சூரியகாந்தி?

அடி வகை. ஒரே அறை, அதன் அடியில் ஒரே சூல்.

அல்லியும் தாமரையும் ஒன்றுதானா ஐயா?

இல்லை. அல்லியில் அறைச் சுவர்களின் உட்பரப்பு முழுக்கச் சூல்கள் பரவியிருக்கும், அது மேற்பரப்பு வகை. தாமரையில் ஒவ்வொரு சூலக இலையும் பூத்தளத்தின் தனிக்குழியில் புதைந்திருக்கும், உள்ளே ஒரு சூல் உச்சியிலிருந்து தொங்கும். குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் பூத்தாலும் தாவரவியலில் இவை வெவ்வேறு குடும்பங்கள்.