ரோமில் பேர் பெற்ற உணவகத்தில் சாப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டா? பெற்றோரை (சைவம்) அங்கே கூட்டிப் போகலாமா?

உண்டு, நான் இருக்கிறேன். அதுவும் ஒரே கடையில் இரண்டு முறை.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. டிராஸ்டெவெரே பகுதியில் இருக்கிறது, வாசல் கண்ணாடி முழுக்க உணவு வழிகாட்டிகளின் ஸ்டிக்கர், ஜெர்மனியில் என்னோடு வேலை செய்கிற இத்தாலியர்களே "ரோம் போனால் அங்கே சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிய இடம். அதனால் "சுற்றுலாப் பயணிகளுக்கு வலை விரிக்கிற கடைக்குப் போனால் அப்படித்தான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்த வகைக் கடைகள் வேறு. 2019-ல் ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்களிடம் ஸ்பகெட்டி, மீன், தண்ணீர் என்று 429.80 யூரோவுக்கு பில் நீட்டினார்களே, அதில் 80 யூரோ டிப்ஸ் வேறு, அது பகல் கொள்ளை. என் கடையில் விலை நியாயம், சர்வர்கள் பில்லில் கை வைக்கவில்லை, ஆனால் தட்டில் வந்தது மட்டும் ரொம்ப சுமார். இந்த வகை ஏமாற்றத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் புகார் சொல்ல ஒரு குற்றமும் கையில் சிக்காது.

முதல் முறை போனது ஆகஸ்ட். முன்பதிவு செய்தபோதே 7 மணிக்கு வந்து 9 மணிக்குள் டேபிளைக் காலி செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது. எட்டரைக்கே அடுத்த கூட்டம் வாசலில் நின்று எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, நம்மூர்க் கல்யாணப் பந்தியில் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதே மாதிரி. சரி, கூட்டம் வருகிற கடை, அதைக் குறை சொல்ல முடியாது. முதலில் ரோமின் யூதர்கள் பாணியில் முழுசாக எண்ணெயில் பொரித்த ஆர்டிசோக் (இதழ் இதழாக இருக்கும் ஒரு மொட்டுக் காய்) வாங்கினோம். வெளி இதழ் மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் இருக்க வேண்டியது. வந்தது நனைந்த அட்டை. மெனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக்குறி, கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் "உறைய வைத்த பொருளாக இருக்கலாம்". இத்தாலியில் உறைய வைத்த பொருளைப் போட்டால் அதை மெனுவில் சொல்லியாக வேண்டும், இப்படி நட்சத்திரம் போட்டுச் சொல்வது வழக்கம். ரோமைச் சுற்றி விளைகிற ஆர்டிசோக்குக்கு சீசன் ஏறக்குறைய பிப்ரவரி முதல் மே வரை. ஆகஸ்டில் அதை மெனுவில் வைத்திருக்கிறார்கள் என்றால் கேட்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள் என்பதால்தான்.

அடுத்து ரிகத்தோனி கார்பொனாரா, முட்டையும் சீஸும் பன்றி இறைச்சியும் சேர்த்த பாஸ்தா. ரிகத்தோனி தடித்த குழாய், காய்ந்த பாஸ்தா, பாக்கெட்டிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வைக்கச் சொல்லித்தான் போட்டிருக்கும். எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிட்டது! மனைவி "பரவாயில்லையே, வேகமா தர்றாங்க" என்றாள். ஒரு வாய் வைத்தபிறகு எதுவும் சொல்லவில்லை. பாஸ்தா ஒரே சீராகக் குழைந்திருந்தது, கடிபடவே இல்லை. மேலே போட்ட குவான்சாலே, அதாவது பதப்படுத்திய பன்றிக் கன்னத்து இறைச்சி, எப்போதோ பொரித்து வைத்து இழுவையாகியிருந்தது. முட்டைக் கலவை வெதுவெதுப்பாக, மாவு கரைத்த மாதிரி கெட்டியாக.

இதை பலெர்மோவில் இருக்கிற ஒரு நண்பரிடம் போனில் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக அங்கே உணவகச் சமையலறைகளில் வேலை. (சிசிலியில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு, பலெர்மோவில் சாந்தா ரோசலியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் குகைக் கோயிலுக்கு மலையேறுகிறவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள்.) அவர் சிரித்துவிட்டு, "அண்ணை, அஞ்சு நிமிசத்தில வந்ததெண்டா அது முதலே அவிச்சு வச்சதுதான். அரைவாசி அவிச்சு, எண்ணெய் விட்டுப் பிரட்டி, குளிர்ப்பெட்டியில வச்சிருப்பம். ஓடர் வந்தா சுடுதண்ணியில ஒருக்கா முக்கி எடுக்கிறது. ஒரு பின்னேரத்தில இருநூறு பேருக்குக் குடுக்கிறதெண்டா வேற என்ன செய்யிறது?" என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை, வேலை முறையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த ஒரு குறுக்கு வழி அதோடு நிற்பதில்லை என்பது இரண்டாவது முறை போனபோது விளங்கியது. நவம்பர், வியாழக்கிழமை மதியம், கூட்டம் குறைவு. ரோமில் வியாழன் என்றால் ஞோக்கி (உருளைக்கிழங்கு பிசைந்து பிடிக்கிற குட்டி உருண்டைகள்), வெள்ளி மீன், சனி மாட்டு இரைப்பை என்று ஒரு பழைய முறை இருக்கிறது, அதை மனதில் வைத்தே நாள் பார்த்துப் போனேன். எங்களுக்குக் கொடுத்த ஆங்கில மெனுவில் ஞோக்கி இல்லை. கேட்டதற்கு "முடிந்துவிட்டது" என்றார் சர்வர். எங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த இத்தாலியக் குடும்பத்துக்கு இரண்டு தட்டு ஞோக்கி போனது! எனக்கு அந்தக் கடை மேல் இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான், குழைந்த பாஸ்தாவைக்கூட மன்னித்துவிடலாம்.

அப்புறம் காச்சோ எ பேப்பே சொன்னோம். பெக்கொரினோ ரொமானோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், இவ்வளவுதான் சாஸ். ஆனால் கடினமான சமையல், சீஸ் கொஞ்சம் சூடு ஏறினாலும் திரிந்து கட்டியாகிவிடும், சுமார் 65 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. அதைத் திரியாமல் பிடித்து வைப்பது பாஸ்தா தண்ணீரில் கரைந்திருக்கிற மாவுச்சத்து. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் உட்கார்ந்து இதை அளந்தே பார்த்துவிட்டார்கள், சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் நிற்கும், 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டி தட்டும் என்று. 2025-ல் இதற்கு இயற்பியலுக்கான இக் நோபல் கொடுத்தார்கள், சிரித்துவிட்டு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களே, அது. இப்போது நண்பர் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். முன்பே அவித்து எண்ணெயில் பிரட்டிய பாஸ்தாவை வெறும் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் அந்த மாவுச்சத்து எங்கிருந்து வரும்? வராது, அதனால் சீஸ் ஒட்டாது, அதனால் க்ரீம் ஊற்றுவார்கள். எங்கள் தட்டில் அப்பட்டமான க்ரீம் வாசனை, அடியில் மட்டும் ரப்பர் மாதிரி ஒரு சீஸ் உருண்டை.

அதனால்தான் இந்த ஊர்ச் சாப்பாட்டில் பேர் பெற்ற கடை சட்டென்று சறுக்குகிறது என்று எனக்குப் படுகிறது. நாலு பொருள் வைத்துச் செய்கிற சமையல், ருசி முழுக்க அந்த நிமிடத்தில் செய்வதில் இருக்கிறது. மசாலா போட்டு மறைக்க வழியில்லை, மறுநாள் ஊறினால் ருசி கூடுகிற குழம்பும் இல்லை. நாற்பது பேருக்குச் சமைத்துப் பேர் வாங்கிய சமையலறையில், அந்தப் பேரைக் கேட்டு வருகிற இருநூறு பேருக்கும் அதே கைப்பக்குவம் வராது. இதற்கு நம் எதிர்பார்ப்பு அதிகம் என்று பழியை நம் மேலேயே போட்டுக்கொள்கிறவர்களை எனக்குப் புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்த ரிகத்தோனிக்கு என் எதிர்பார்ப்பு என்ன செய்யும்?

பில் பற்றி ஒரு விஷயம். ரோம் இருக்கிற லாட்சியோ மாநிலத்தில் கோபெர்த்தோ என்கிற 'உட்காரும் கட்டணம்' வாங்கக் கூடாது என்று 2006-ல் சட்டம் போட்டார்கள். ஆனால் 'பானே' என்று ரொட்டிக்கு வாங்கலாம், எங்களிடமும் வாங்கினார்கள். ரொட்டி வேண்டாம் என்றால் கூடையை வைக்கும்போதே சொல்லிவிடுங்கள், கிள்ளித் தின்றுவிட்டு வாதாட முடியாது.

பெற்றோரைக் கூட்டிப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் ஆகஸ்ட் மாதத்திலும் இரவு முதல் பந்தியிலும் வேண்டாம். மதியம் போங்கள். ஸ்டிக்கர்களில் ஆண்டு போட்டிருக்கும், எல்லாம் பழசாக இருந்தால் யோசியுங்கள். பழைய கசாப்புக் கூடம் இருந்த டெஸ்டாச்சோ பக்கம் ஒரு சின்னக் கடையில் "இருபது நிமிடம் ஆகும், பரவாயில்லையா" என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டரையே எடுத்தார்கள், அங்கே சாப்பிட்ட ரிகத்தோனிதான் எனக்கு இன்றுவரை அளவுகோல்.

சைவம் என்று கேட்டிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெக்கொரினோ ரொமானோ ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் (பாலைத் திரட்டுகிற பொருள்) போட்டுச் செய்வது, பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டியுடையது. ஆக இறைச்சியே இல்லாத காச்சோ எ பேப்பேகூட கண்டிப்பான சைவக்காரர்களுக்கு ஆகாது. தக்காளி ஸ்பகெட்டி சொல்லி 'சென்சா ஃபோர்மாஜ்ஜோ' (சீஸ் இல்லாமல்) என்று கேளுங்கள். மரினாரா பீட்சா என்று பெயர் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் மீனும் இல்லை, சீஸும் இல்லை, தக்காளியும் பூண்டும்தான். பயப்பட வேண்டியது மாவில் தோய்த்துப் பொரித்த சுக்கினிப் பூவுக்கு. பார்த்தால் அம்மாவுக்கு உடனே ஆசை வரும், உள்ளே மொசரெல்லாவோடு நெத்திலி வைத்திருப்பார்கள். சீஸ் சாப்பிடுவார்கள் என்றால் 'சென்சா அலிச்சி' (நெத்திலி இல்லாமல்) என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் அடைக்கிற கடை என்றால் நெத்திலி இல்லாமல் செய்து தருவார்கள். முடியாது என்றால் காலையிலேயே அடைத்து வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.