பொருள்களை இரவல் தரும் நூலகத்தைப் பற்றித் தனியாகப் பாட்காஸ்ட் செய்வது எப்படி?

ட்ரில் மெஷின், ஏணி, டென்ட் என்று பொருள்களை இரவல் தரும் நூலகம் ஒன்று உங்கள் பகுதியில் இருக்கிறது, அதைப் பற்றி யார் தயவும் இல்லாமல் பாட்காஸ்ட் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு எபிசோட் வந்திருக்கிறது. முதலாவதை மட்டும் தயவுசெய்து தேடிப் பிடித்துக் கேட்டுவிடாதீர்கள்.

அதில் நூலகத்தை நடத்துபவரை உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசவிட்டேன். பகிர்ந்து வாழ்வது, குப்பையைக் குறைப்பது என்று எல்லாம் நல்ல விஷயங்கள்தான். போதாததற்கு அமெரிக்காவின் கொலம்பஸில் 1976இல் கருவி நூலகம் வந்தது, பெர்க்லி பொது நூலகம் 1979இல் தொடங்கியது என்று நான் வேறு வரலாறு படித்தேன். கேட்ட நண்பர், “நல்லாத்தான் இருக்கு, பாதியில தூங்கிட்டேன்” என்றார்.

அப்புறம்தான் பொருள்களைத் திரும்ப வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். எடுத்துப் போக வருபவருக்கு அவசரம். திருப்பித் தர வருபவர் வேலை முடிந்த நிம்மதியில் இருப்பார், அவராகவே பேசுவார். ஒருநாள் ஏணி ஒன்று திரும்பி வந்தது. படிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெயிண்ட் துளிகள். மேசையில் இருந்த அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த நீலம் புதுசு. மஞ்சள் போன மாசம் எடுத்துட்டுப் போனவங்க வீட்டுது” என்றார். எனக்கு ஒரு முழு எபிசோட் அந்த ஏணியிலேயே கிடைத்துவிட்டது.

கேள்வியிலும் கவனம் வேண்டும். “எப்படி இருந்தது?” என்றால் “நல்லா இருந்துச்சு” என்று முடித்துவிடுவார்கள். “வீட்டுக்குக் கொண்டுபோனதும் யார் முதலில் தொட்டார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் விடாமல் கேட்கிறேன்: பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதும் இங்கே கேட்பதும் ஒன்றுதானா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இரவல் என்றாலே கொஞ்சம் கூச்சம். உறுப்பினர் அட்டை கையில் இருந்தால் அந்தக் கூச்சம் எங்கே போகிறது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

ஒலிப்பதிவுக் கருவி விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். போனும் ஒரு சாதாரண காலர் மைக்கும் போதும், எடிட்டிங்குக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள். ஒலி அளவை மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் மைனஸ் 19, ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என்றால் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு) என்று வைத்தால், கேட்பவர் வால்யூமோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. யாரும் பேசாத வெறும் அறைச் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள், வெட்டிய இடங்களை ஒட்ட உதவும். ட்ரில் மெஷினை மைக்குக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள், சத்தம் உடைந்துவிடும். நாலைந்து அடி தள்ளி வைத்து, லெவலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இரைச்சலுக்காக அதை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.

தனியாகச் செய்கிறீர்கள் என்றால் நிர்வாகிகளோடு முதலிலேயே பேசிவிடுங்கள். என்னிடம் அவர்கள், வெளியிடும் முன் எபிசோடைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். தகவல் சரியா என்று கேட்டுக்கொள்கிறேன், ஆடியோ தர மாட்டேன் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான். நானும் அங்கே உறுப்பினர் என்பதை ஒவ்வொரு எபிசோடிலும் சொல்லிவிடுகிறேன்.

நான் உண்மையிலேயே தவறிய இடம் வேறு. சக்கர நாற்காலியை எடுத்துப் போன ஒருவரின் பேட்டியை, பெயர் சொல்லாமல்தானே போடுகிறோம் என்று போட்டுவிட்டேன். அங்கே இருப்பதே ஒரே ஒரு சக்கர நாற்காலி. யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் போனில் கோபப்படக்கூட இல்லை, “அம்மாவுக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன்” என்றார். ஃபைலை உடனே நீக்கினேன். ஆனால் ஏற்கெனவே டவுன்லோட் ஆன போன்களில் அது இருக்கத்தான் செய்யும், நம்மால் திரும்ப வாங்க முடியாது. இப்போதெல்லாம் பெயரைப் போடலாமா என்று கேட்பதற்கு முன், என்ன பொருள் எடுத்தீர்கள் என்பதைச் சொல்லலாமா என்று கேட்கிறேன்.