பல் பிடுங்கிய பிறகு சிக்கலா? கேள்வி பதில்

வாய், முக, தாடை அறுவை சிகிச்சை என் துறை. வேறு இடத்தில் பல் எடுத்து, சரியாகாமல் அலைந்து வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈரோடு வாசகர்: கீழ் ஞானப்பல் எடுத்து மூன்று நாள் ஆகிறது. முதலில் பரவாயில்லை. நேற்று ராத்திரியிலிருந்து காது வரை தெறிக்கிறது. டாக்டர் தப்பாகப் பிடுங்கிவிட்டாரா?

தம்பி, நீங்கள் சொல்லும் நாள்கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து எலும்பை மூட வேண்டும். அந்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமனே கிடக்கும். இதை ‘ட்ரை சாக்கெட்’ என்போம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி திடீரென ஏறும், வாய் நாறும், கண்ணாடியில் பார்த்தால் குழிக்குள் சாம்பல் நிறத்தில் எலும்பு தெரியும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும். ஒழுங்காக எடுத்த பல்லுக்கும் இது வரும் என்பதால் அவர் மேல் பழி போட வேண்டாம். இன்றே அவரிடமே போங்கள். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்துள்ள மருந்து வைப்பார். பெரும்பாலும் அன்றைக்கே வலி நன்றாக இறங்கிவிடும். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதால் இந்த வலி தீராது. வீட்டில் கிராம்பை நசுக்கிக் குழிக்குள் திணிக்கவும் வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகி: கடவாய்ப் பல் எடுத்து நாலு மாசம் ஆகியும் ஈறில் சீழ் வந்துகொண்டே இருந்தது. வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே வேர் நிற்கிறது என்கிறார்கள். முதல் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. வேர் உடைவது எங்கள் தொழிலில் நடக்கக்கூடியதுதான். வளைந்த வேர், ரூட் கெனால் செய்து மொறுமொறுப்பான பல் என்றால் எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் நுனி ஒடியும். சின்ன நுனி, சீழ் இல்லை, நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், தோண்டி எடுப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது என்று நாங்களே முடிவு செய்வதும் உண்டு. ஆனால் அதை நோயாளியிடம் சொல்லி, சீட்டில் எழுதி, எக்ஸ்ரே எடுத்து வைத்து, திரும்ப வரச் சொல்ல வேண்டும். உங்களிடம் அதை மறைத்ததுதான் தவறு.

ஒடிந்தது டாக்டருக்குத் தெரியாமல் போயிருக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளியே வந்த பல்லைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். முழு வேரின் நுனி வழவழப்பாக, உருண்டு கூம்பியிருக்கும். ஒடிந்தது தட்டையாக, ஓரம் கூராக, நடுவில் புள்ளிபோல் ஒரு துளையோடு இருக்கும். அதனால்தான் யார் பல் எடுத்தாலும் ‘பல்லைக் காட்டுங்க டாக்டர்’ என்று கேட்கச் சொல்கிறேன்.

சீழ் இருப்பதால் உங்களுக்கு அந்த வேரை எடுத்தே ஆக வேண்டும். செலவுக்கு யோசித்தால் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போங்கள். எடுப்பதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

நாகர்கோவில் வாசகர்: மேல் கடவாய்ப் பல் எடுத்ததிலிருந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது.

மேல் பல் வேருக்கும் மூக்கருகே உள்ள சைனஸ் அறைக்கும் இடையே மெல்லிய எலும்புதான். அது திறந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், ஸ்ட்ரா வேண்டாம். சின்ன ஓட்டை தானே மூடும். பெரிதென்றால் தையல் போட வேண்டும். நாள் கடத்தாமல் போய்க் காட்டுங்கள்.

சேலம் வாசகி: ஞானப்பல் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். கீழுதட்டில் ஒரு பாதி இன்னும் மரத்தே கிடக்கிறது.

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்பிவிடும். மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் குறித்து வாராவாரம் போட்டோ எடுத்துவையுங்கள். எல்லை சுருங்கினால் நல்ல அறிகுறி. மூன்று மாதமாகியும் மாற்றமே இல்லையென்றால் தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். சூடான காபியில் கவனம், உதடு சுட்டாலும் தெரியாது.

சென்னை வாசகர்: குடும்பத்துக்கே 5 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது. பல் எடுத்து, தாடை வீங்கி, கழுத்துவரை சீழ் பரவி, அதைக் கீறி எடுத்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ‘டென்டல்’ என்று சொல்லி கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள்.

நம் ஊர் ஹெல்த் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் பல் சிகிச்சை கிடையாது. விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால் மட்டும் விதிவிலக்கு. ஓபிடி, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சை, சேர்த்த பாலிசியில் சிறு தொகை கிடைக்கும். 2020-ல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதிலும் அட்மிஷன் விதிகள் உண்டு. உங்கள் பாலிசி எது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் விஷயம் வேறு. பல் எடுத்த பில்லைத் தள்ளினால் சரி. தாடைக்கடியில், கழுத்தில் சீழ் பரவி, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றிக் கீறி எடுத்தது உயிர் காக்கும் சிகிச்சை. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் என்னவென்று எழுதியிருக்கிறது? ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று மட்டும் இருந்தால், நடந்ததை முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நடக்காததை எழுதச் சொல்லாதீர்கள், அது கிளெய்மையே கெடுத்துவிடும். எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நாக்குக்கடியில் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனியில் வேலை. இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். பல்லுக்கு அங்கே போகலாமா?

தாராளமாக. இஎஸ்ஐ மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு, உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்து. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகும்போது, பல் எடுக்க வெளியே கடன் வாங்கிச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

மதுரை வாசகி: சொத்தைப் பல்லை விட்டுவிட்டு அடுத்திருந்த நல்ல பல்லை எடுத்துவிட்டார். கேஸ் போட முடியுமா?

முடியும். காசு கொடுத்துப் பெற்ற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். நீங்கள் டாக்டருக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில், சீட்டு, எக்ஸ்ரே, இன்னொரு பல் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்து, இந்த நான்கும் கையில் வேண்டும். டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலிலும் தனியாகப் புகார் செய்யலாம். அதற்கு முன் ஒரு தடவை அந்த டாக்டரிடமே எழுத்தில் கேளுங்கள். இந்த மாதிரித் தவறில், பல் கட்டித் தருகிறேன் என்று அவரே ஒப்புக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அப்படித் தந்தால் என்ன தருகிறார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வேலூர் வாசகர்: வாணியம்பாடி செய்தியைப் படித்ததிலிருந்து பல் கிளினிக் என்றாலே பயமாக இருக்கிறது.

2023-ல் அங்கே ஒரு கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளைவரை கிருமி ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது விசாரணையில் தெரிந்தது. பயந்துபோய்ச் சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: சலைன் பாட்டில் எனக்காகப் புதிதாகத் திறந்ததா, கருவிகளை உறை பிரித்து எடுக்கிறார்களா, சுவரில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா. முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.