புரூஸ் லீ ஆவணப்படம்: முத்திரைத்தாளில் வாங்கும் உரிமை செல்லுமா?

கேள்வி: யூடியூபுக்காக புரூஸ் லீ பற்றி 40 நிமிட ஆவணப்படம் எடுக்கிறேன். 'என்டர் தி டிராகன்', 'வே ஆஃப் தி டிராகன்' சண்டைக் காட்சிகளுக்கு உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கொடுக்காதீர்கள். "ஹாங்காங்கில் நமக்கு ஆள் இருக்கு" என்பார்கள். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சீலும் வைத்துத் தருவார்கள். கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்குத்தான் அந்த சீல். படம் அவருடையது என்பதற்கு அல்ல. "உங்களுக்கு யார் கொடுத்தது? அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேர் அதற்கப்புறம் போனை எடுக்கவே மாட்டார்கள்.

ஒப்பந்தம் உண்மையானதாகவே இருக்கட்டும். காலமும் இடமும் எழுதாமல் விட்டால், நம் சட்டப்படி அது 5 ஆண்டுக்கு, இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் யூடியூப் மலேசியாவிலும் ஓடுமே!

'பழைய படம்தானே' என்பதும் செல்லாது. 'என்டர் தி டிராகன்' வந்தது 1973இல். ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்றால் 2033 முடியும்வரை இங்கே அதன் உரிமையாளருக்கு உரிமை உண்டு. பத்து விநாடிக்குள் போட்டால் தப்பில்லை என்பது கட்டுக்கதை. கடைசியில் 'நன்றி' கார்டு போடுவது மரியாதை, அனுமதி ஆகாது.

ஒரு வழி இருக்கிறது: விமர்சனம். அதற்காக நியாயமான அளவு காட்சியை அனுமதி இல்லாமலே காட்ட நம் சட்டம் விடுகிறது. 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில் ரோம் கொலோசியத்தில் சக் நாரிஸிடம் முதலில் அடி வாங்கும் லீ, பிறகு கால்களைத் துள்ளவிட்டுத் தாளத்தையே மாற்றுவார். அந்தத் துண்டைக் காட்டி, நிறுத்தி, கால் எங்கே மாறுகிறது என்று உங்கள் குரலில் விளக்கினால் அது விமர்சனம். அதே துண்டை இசை போட்டு அழகுக்கு ஓடவிட்டால் இல்லை. விளக்கம் முடிந்த பிறகும் காட்சி ஓடினால், அந்த மிச்சமும் இல்லை. எவ்வளவு நீளம் வரை 'நியாயம்' என்று சட்டம் சொல்கிறதா? 2012இல் திருத்தியபோதும் சொல்லவில்லை. நீதிமன்றம் போய்த் தெரிந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். முறையாகக் கேட்கலாம் என்று பெரிய ஸ்டுடியோவுக்கு மெயில் போட்டால், சின்னத் தயாரிப்பாளருக்கு மாதக்கணக்கில் பதிலே வராது. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

லீயின் வாழ்க்கைக் கதையைச் சொல்ல அனுமதி தேவையில்லை. அவர் படம் போட்ட டி-ஷர்ட் விற்பது மட்டும் வேண்டாம்; லீயின் மகள் நடத்தும் நிறுவனம் வழக்குக்குத் தயங்காதது.

முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ரசீதின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.