ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, மனுஷன்தான் நார்மலா இல்ல

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். காஷ்மீர்ல கான்வாய்ல போறப்ப வண்டிக்குப் பக்கத்துல குண்டு வெடிச்சு பத்து நிமிஷம் போல நினைவில்லாம கிடந்தாராம், வெளிக்காயம் ஒண்ணும் பெருசா இல்ல. ஊருக்கு வந்ததுல இருந்து சரியான தூக்கம் இல்ல, தலைவலி, காதுல ஙொய்ன்னு சத்தம், படுத்துட்டுப் புரண்டா தலை சுத்துது, சொன்னது மறந்துபோகுது, சின்ன விஷயத்துக்கும் கத்தறாரு. தீபாவளி வந்தா ரூமைப் பூட்டிக்கிட்டு வெளிய வரமாட்டாரு. ஒரு நாள் ராத்திரி கனவுல அலறினார், எழுப்பப் போன என் கழுத்தைப் பிடிச்சுட்டாரு. சிடி ஸ்கேன் நார்மல். தினமும் கேன்டீன் ரம் ஒரு குவார்ட்டர், என் மாமியார் எல்லாத்துக்கும் குடிதான் காரணம்ங்கறாங்க. இப்ப பேங்க்ல கன்மேன் வேலை, சொந்தத் துப்பாக்கி வீட்லதான் இருக்கு. இது மூளைல வந்த பிரச்சனையா, மனசுல வந்ததா? குணமாகுமா?
(குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, ரெண்டும் சேர்ந்து இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், ரெண்டுக்குமே வைத்தியம் இருக்கு. நேர்ல பாக்காம இதுதான்னு முடிவா எழுத முடியாது, ஆனா நீங்க எழுதினதைப் படிச்சா எந்த டாக்டருக்கும் முதல்ல இந்த ரெண்டும்தான் ஞாபகம் வரும்.

ஸ்கேன் விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா அந்த "நார்மல்"ங்கற ஒரு வார்த்தைய வெச்சு நிறைய வீட்ல ஆளை நடிக்கறான்னு சொல்லிடறாங்க. சிடி ஸ்கேன் பாக்கறது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் இந்த மாதிரி பெரிய விஷயங்களைத்தான். தயிர்ப் பானைய வேகமா ஆட்டினா பானைக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள இருக்கற தயிர்தான் உடையும், குண்டு வெடிப்போட அதிர்ச்சி அலை தலைக்குள்ள செய்யறதும் கிட்டத்தட்ட அதுதான், நரம்பு இழைங்க இழுபட்டு பாதிக்கப்படுது, அது சிடில தெரியாது, சாதா எம்ஆர்ஐலயும் பல நேரம் தெரியாது. அரை மணி நேரத்துக்குள்ள நினைவு திரும்பி, குழப்பமும் ஒரு நாளைக்குள்ள தெளிஞ்சு, ஸ்கேனும் நார்மலா இருந்தா அதை நாங்க "மைல்டு" மூளைக்காயம்னு எழுதுவோம். அடிபட்ட அன்னைக்கு எவ்வளவு பலமா பட்டுச்சுங்கறதுக்கு வெச்ச அளவு அது, வருஷக்கணக்கா கூட வாழற பொண்டாட்டிக்கு அந்த மைல்டு எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

மூளையா மனசாங்கற இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கு மேல பழசு. முதல் உலகப்போர் நேரத்துல 1915ல சார்லஸ் மையர்ஸ்னு ஒரு டாக்டர் லான்செட் பத்திரிகைல "ஷெல் ஷாக்"னு எழுதினார், அப்பவே குண்டு அதிர்ச்சில மூளை கெட்டதா இல்ல பயத்துல வந்ததான்னு பெரிய சண்டை. பயந்தாங்கொள்ளி, ஓடிப்போனவன்னு சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன்னோட சிப்பாய்கள்லயே பல பேரைச் சுட்டுக் கொன்னுச்சு, அவங்கள்ல 306 பேருக்கு 2006லதான் மன்னிப்பு குடுத்தாங்க. (உங்க மாமியார் கொஞ்சம் பரவாயில்ல, குடியோட நிறுத்திக்கிட்டாங்க.) வியட்நாம் போருக்கு அப்புறம் 1980லதான் பிடிஎஸ்டிங்கற பேரே, அதாவது பயங்கரமான சம்பவத்துக்கு அப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்போட பேரே, அமெரிக்க மனநல டாக்டர்களோட கையேட்டுல ஏறுச்சு.

இப்ப உங்களுக்கு நேரடியா உதவக்கூடிய ஒரு விஷயம். ஈராக்ல இருந்து திரும்பின அமெரிக்க சிப்பாய்கள் 2,525 பேர்கிட்ட எடுத்த ஆய்வு 2008ல வந்துச்சு. அங்க தலைல அடிபட்டு நினைவு தப்பினவங்கள்ல 43.9 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி இருந்துச்சு, வேற காயம் பட்டவங்கள்ல 16.2, காயமே படாதவங்கள்ல 9.1. இதை விட முக்கியமானது என்னன்னா, பிடிஎஸ்டியையும் மனச்சோர்வையும் கணக்குல எடுத்துட்டுப் பாத்தா மிச்ச உடம்புத் தொந்தரவுகளுக்கும் அந்தத் தலைக்காயத்துக்கும் பெருசா தொடர்பே நிக்கல, தலைவலி மட்டும்தான் நின்னுச்சு. அதாவது மறதி, எரிச்சல், அசதின்னு மூளை போயிடுச்சோன்னு பயப்படற பல விஷயம் பிடிஎஸ்டிய சரி பண்ணினா கூடவே குறையறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. குணமாகுமான்னு கேட்டீங்களே, அதனாலதான் தைரியமா பதில் சொல்றேன், பழையபடி அப்படியே ஆகிடுவார்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இப்ப இருக்கறதை விட நிறையவே நல்லா ஆகலாம், வருஷங்கள் ஓடிப்போனாலும் வைத்தியம் வேலை செய்யும்.

கனவு, பட்டாசுக்குப் பூட்டிக்கிறது, எப்பவும் உஷாரா இருக்கறது எல்லாம் பிடிஎஸ்டி பக்கம். காது சத்தம், புரளும்போது தலைசுத்தல் ரெண்டும் காது பக்கம், குண்டு வெடிச்சா முதல்ல அடி வாங்கறதே காதுதான். ஒரு இஎன்டி டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட் எடுங்க, அந்தத் தலைசுத்தல் பல நேரம் தலைய சில கோணத்துல திருப்பி வைக்கற பயிற்சிலயே சரியாகிடும், மாத்திரை கூட வேண்டாம். கத்தறாருன்னு எழுதினீங்க, நீங்க சொல்றது அவருக்குச் சரியா காதுல விழுதான்னும் அப்படியே தெரிஞ்சுடும். குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு பாத்து வைங்க, அது இருந்தா தூக்கத்துக்குத் தனி டெஸ்ட் வேணும்.

குடி. மாமியார் சொல்றதுல பாதி நியாயம், தூங்கறதுக்காக ஆரம்பிச்ச ரம் நடுராத்திரில தூக்கத்தைக் கலைச்சு கனவை இன்னும் மோசமாக்கும், மறதிக்கும் அது ஒரு காரணம், அடிபட்ட மூளைக்கு ஃபிட்ஸ் வர்ற ஆபத்தும் கூடும். ஆனா தயவுசெஞ்சு நாளைக்கே பாட்டிலை உடைச்சுப் போட்டு நிறுத்தாதீங்க, தினமும் குடிக்கறவங்க சடார்னு நிறுத்தினா கை நடுக்கம், ஃபிட்ஸ், ஆள் அடையாளம் தெரியாம உளர்றதுன்னு உயிருக்கே ஆபத்தா போகலாம். டாக்டர் மேற்பார்வைல, தேவைப்பட்டா அட்மிட் பண்ணி, பி1 வைட்டமின் போட்டு நிறுத்தணும்.

மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கற தூக்க மாத்திரை, அல்பிரசோலம் வகையறா, வேண்டவே வேண்டாம். பிடிஎஸ்டிக்கு அது வைத்தியம் இல்ல, பழக்கம் ஆயிடும், ரம்மோட சேந்தா மூச்சே அடங்கிப் போகலாம். தலைவலிக்கு டிரமடாலும் அப்படித்தான், ஃபிட்ஸைக் கொண்டுவரும். சாதா வலி மாத்திரையக் கூட மாசத்துல பாதி நாளுக்கு மேல போட்டா அந்த மாத்திரையே தலைவலியக் குடுக்க ஆரம்பிச்சுடும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

உண்மையான வைத்தியம் பேச்சு சிகிச்சைதான், சும்மா ஆறுதல் சொல்றது இல்ல, பயிற்சி எடுத்தவங்க கிட்ட வாரா வாரம் உக்காந்து அந்தச் சம்பவத்தை கொஞ்சம் கொஞ்சமா, பாதுகாப்பா திரும்பப் பேசி, ஒதுக்கி வெச்ச விஷயங்களை மெதுவா எதிர்கொள்றது. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு, அதுவும் மிலிட்டரிக்காரருக்கு, பேச உக்கார்றதே கஷ்டம், முதல்ல சில வாரம் கனவு கூட அதிகமாகலாம், அப்ப பாதில விட்டுடறவங்கதான் நிறைய. கூட செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரை குடுப்பாங்க, பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், நல்லாயிட்டேன்னு தானா நிறுத்தக் கூடாது. கனவுக்குன்னு பிரசோசின்னு ஒரு பிரஷர் மாத்திரை இருக்கு, 2018ல வந்த பெரிய ஆய்வுல அது வெத்து மாத்திரைய விட நல்லா வேலை செய்யல, ஆனாலும் சிலருக்குக் கேக்குதுன்னு டாக்டருங்க குடுக்கறதுண்டு.

கழுத்தைப் பிடிச்சதைப் படிச்சதும் எனக்குக் கவலையா இருந்துச்சு. அவர் உங்களைப் பிடிக்கல, கனவுல எதிரியப் பிடிச்சாரு, ஆனா அழுத்தற கை நிஜம். இனிமே தொட்டு எழுப்பாதீங்க, கால் பக்கம் தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு, லைட்டைப் போடுங்க. சரியாகற வரைக்கும் தனிக் கட்டில்ல படுக்கறதுல தப்பே இல்ல, அதை ரெண்டு பேரும் பகல்ல பேசி வெச்சுக்கோங்க.

துப்பாக்கி வீட்ல இருக்கவே கூடாது. குடி, தூக்கமின்மை, பிடிஎஸ்டி மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கறப்ப பயம் உங்களுக்காக மட்டும் இல்ல, அவருக்காகவும்தான். எலக்ஷன் நேரத்துல ஸ்டேஷன்ல ஒப்படைக்கறாங்களே, அந்த மாதிரி ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ கொஞ்ச நாள் வைக்க முடியுமான்னு கேளுங்க. வேலை போயிடுமேன்னு நினைப்பீங்க, நியாயமான பயம்தான், துப்பாக்கி இல்லாத டியூட்டி கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, அவர் கூட வேலை செஞ்ச பழைய ஆர்மி ஃப்ரெண்டு யாராவது எடுத்துச் சொன்னா உங்களை விட சீக்கிரம் கேப்பாரு.

சாகறதைப் பத்திப் பேசினாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ, தலைவலி நாளுக்கு நாள் ஏறி வாந்தியோட வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, முதல் ஸ்கேன் நார்மல்ங்கறதை மறந்துட்டு அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. குடிக்கறவங்க அடிக்கடி விழுவாங்க, மூளைக்கு மேல ரத்தம் மெதுவா கசிஞ்சு சேர்றதும் உண்டு.

எங்க போறதுன்னா, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் கார்டு இருக்குமே, வேலூர் பாலிகிளினிக்ல நடந்ததை அப்படியே சொல்லி மனநல டாக்டருக்கும் நரம்பியல் டாக்டருக்கும் ரெஃபரல் கேளுங்க. தூக்கம் வரலைன்னு மட்டும் சொன்னா மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க, குண்டு வெடிச்சது, நினைவு தப்பினது ரெண்டையும் முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. அவர் வரமாட்டேன்னா நீங்க மட்டும் முதல்ல 14416ல டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைனுக்குப் பேசுங்க, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

போறப்ப அந்தச் சம்பவத்தோட இன்ஜுரி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் புக், ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ரிட்டயர் ஆகறப்ப எடுக்கற மெடிக்கல் பரிசோதனை) பேப்பர் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. சர்வீஸால வந்ததுன்னோ சர்வீஸால அதிகமானதுன்னோ ஏத்துக்கிட்டாங்கன்னா டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு வழி இருக்கு, அப்ப மனநலம் பத்தி ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தாலும் இப்ப டாக்டர் எழுதற ரிப்போர்ட்டோட மனு போடலாம், மறுத்தா சென்னைல ஆயுதப்படை தீர்ப்பாயத்தோட பெஞ்ச் இருக்கு. எந்த மனு எங்க போடணும்னு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா சொல்லுவாங்க, அவர் வராட்டியும் நீங்க போய் விசாரிக்கலாம்.